என் மூக்கு உடைந்த விதம்

மகனே, இதைப் படிக்கும்போது சின்னவன் உன் மடியில் இருந்தால் இறக்கிவிட வேண்டாம். அவனை வைத்துக்கொண்டே படி. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை எடுத்தேன், ஒவ்வொரு தடவையும் வைத்துவிட்டேன். பேசத் தொடங்கினால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நான் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். எழுதினால் நீ குறுக்கே வர முடியாது. அடுத்த மாதம் நீங்கள் மூன்று பேரும் கனடாவுக்குப் போகுமுன் இரண்டு நாள் இங்கே வந்து தங்குவதாகச் சொன்னாய். நீ இங்கே பல்லேகலைக்கு வந்து இறங்குவதற்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். ரம்யா சின்னவனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் துள்ளினான், தலை அவள் வாயில் இடித்தது. உதட்டில் ரத்தம் வந்ததை நானும் இங்கிருந்து பார்த்தேன். நீ பாய்ந்து வந்து அவன் முதுகில் ஒன்று வைத்தாய். இரண்டு வயதுப் பிள்ளை. அதோடு நிறுத்தவில்லை. "அம்மாவுக்கே அடிக்கிறியா? தாத்தா புத்தி அப்படியே வந்திருக்கு" என்றாய். ரம்யா உன்னைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள், அதைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நான் கேட்டிருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. உன் அப்பா என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நீ கோல் எடுக்கும் போதெல்லாம் அவர் அங்கேதான் இருப்பார், படத்தில் விழாத பக்கமாக. "நீ பேசு, நான் சும்மா கேட்டுக்கிறேன்" என்பார். அன்றைக்கும் கேட்டார். எழுந்து பின்பக்கம் போய், காய்ந்த துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார். அவர் துணி மடித்து நான் பார்த்ததே இல்லை. கிட்டப் போனேன். "விடு. இத்தன வருசம் போச்சு, இனி என்னா" என்றார்.

இனியும் விட என்னால் முடியாது. ஆகவே நேராகச் சொல்கிறேன். உன் அப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. கையை ஓங்கியதும் இல்லை. என் மூக்கு உடைந்தது உன் தலை இடித்து. அப்போது உனக்கு ஒன்றரை வயது.

நாங்கள் ஹந்தானைத் தோட்டத்தில், ஒரே சுவரில் ஒட்டிய லயத்து வீட்டில் இருந்த காலம் அது. உன் அப்பா ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை பார்த்தார். விடிந்து வீட்டுக்கு வருவார். நீ அவருடைய காலடிச் சத்தத்தைத் தெரிந்து வைத்திருந்தாய். அன்றைக்கு உன்னைக் குளிப்பாட்டி, துவட்டி, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு குனிந்து உன் காற்சட்டையை எடுத்தேன். வாசலில் அவர் வந்து நின்றார். "அப்பா" என்று கத்திக்கொண்டு ஒரு துள்ளல் துள்ளினாய். உன் உச்சந்தலை என் மூக்கில் வந்து மோதியது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் என் தலைக்குள் கேட்டது. ரத்தம் உன் முகத்திலும் என் சட்டையிலும் கொட்டியது. நீ முதலில் சிரித்தாய், பிறகு ரத்தத்தைப் பார்த்து வீரிட்டாய். அவர் ஓடி வந்து ஒரு கையில் உன்னையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டார். அவரைக் கண்ட சந்தோஷத்தில் நீ துள்ளிய துள்ளல் அது. அதை இத்தனை வருடம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

ஏன் மறைத்தோம் என்று கேட்பாய். எங்கள் லயத்திலேயே ஒரு பையன் இருந்தான். அவன் பிறந்தபோது அவனுடைய தாய் இறந்துபோனாள். அவனுக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஆத்தாள முழுங்குனவன்" என்றுதான் சொன்னார்கள், அவன் காதில் விழும்படியே சொன்னார்கள். ரத்தத்தைத் துடைத்துவிட்டு உன் அப்பா முதலில் நினைத்தது அவனைத்தான். "இந்தா பாரு, இத இவன் தலையில கட்டிருவாங்க. ராசி இல்லாத புள்ள, பெத்தவ ரத்தத்த பாத்த புள்ளன்னு சாகுற வரைக்கும் சொல்லுவாங்க. பீலியில தண்ணி புடிக்கப் போயி வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிரு." நானும் சரி என்றேன். அந்த நேரத்தில் அது ஒரு சின்னப் பொய்யாகத்தான் இருந்தது.

ஆனால் பீலியில் வழுக்கி விழுந்ததாக ஒரு பெண் சொன்னால் யார் நம்புவார்கள்? முகத்தில் காயத்தோடு வருகிற பெண்கள் எல்லாரும் சொல்கிற பொய்தான் அது. லயமே உன் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தது. யாரும் கேட்கவில்லை, எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் செய்த தப்பை இப்போது சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் மூக்கின் இரண்டு துவாரமும் அடைத்துக்கொண்டன. உள்ளே ஏதோ உப்பிக்கொண்டு வந்தது. உன் அப்பா டிஸ்பென்சரிக்குப் போவோம் என்றார். அங்கே போனால் கேட்பார்கள், அவரை ஒரு மாதிரி பேசுவார்கள் என்று நான் போக மாட்டேன் என்றேன். "வத்திரும், விடுங்க" என்றேன். அவர் கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார். அந்தச் சத்தமும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது, அதையும் அவர் கணக்கில்தான் எழுதினார்கள். ஏழாம் நாள் குளிர்காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தேன். அவர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு இறங்கினார். ஆஸ்பத்திரியில் சீழை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அவர்களை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். மூக்கைக் காப்பாற்ற அவர்களுக்கு நான் நேரம் கொடுக்கவில்லை. வீக்கம் வற்ற வற்ற மூக்கின் நடுப்பாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. இரண்டு மாதத்தில் கண்ணாடியில் வேறு யாரோ ஒருத்தி நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பிலிமத்தலாவையிலிருந்து உன் மாமா வந்தார். எனக்கு ஒரே அண்ணன். என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய், லயத்து ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க உன் அப்பாவின் கன்னத்தில் அறைந்தார். "என் தங்கச்சி மேல இன்னொரு தரம் கைய வச்சே, வெட்டிப் போட்டுருவேன்" என்றார். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். வாயைத் திறந்தேன். உன் அப்பா என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அன்று மூடிய வாய்தான். உன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தாலும் உன் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை என்பதை நீயே பார்த்து வளர்ந்தாய்.

பிறகு தோட்டத்தை விட்டு இங்கே வந்தோம். உன் அப்பாவுக்குக் கைத்தொழில் பேட்டையில் காவல் வேலை, எனக்குக் கார்மெண்டில் தையல் வேலை. புது இடத்தில் பழைய கதை தெரிந்தவர்கள் இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். நாற்பது வயதுக்கு முன்னமே எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. மற்றவர்களுக்குக் கண்ணாடி மூக்கில் உட்காரும். எனக்கு உட்கார இடம் இல்லை, வழுக்கிக்கொண்டு வாய்க்கு வந்துவிடும். ஒரு இலாஸ்டிக் நாடாவை இரண்டு பக்கமும் தைத்து, தலையைச் சுற்றி மாட்டிக்கொண்டுதான் மெஷினில் உட்கார்ந்தேன். பக்கத்து மெஷின் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு நாடாவுக்கு நல்ல நிறம் தேடித் தந்தாள். வாயால் மூச்சு விட்டு விட்டு எப்போதும் தொண்டை காய்ந்திருக்கும். போட்டோ எடுக்கிற இடங்களில் எனக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். இதையெல்லாம் நீ கவனித்தாய் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

நீ சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம். திருவிழாவுக்கு ஹந்தானைக்குப் போய்விட்டு வந்தாய். யாரோ அந்தப் பழைய கதையை உன் காதில் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் உன் அப்பா, "இருட்டுற வரைக்கும் வெளையாட வேணாம் தம்பி, வந்து படி" என்றார். அதற்கு நீ, "பொம்பளைய அடிச்சவரு எனக்குப் புத்தி சொல்ல வேணாம்" என்றாய். நான் குசினியில் அடுப்பருகே நின்றேன். இரண்டு பேரின் முகமும் எனக்குத் தெரிந்தது. உன் முகம் சிவந்திருந்தது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நான் அப்போதே வந்து உன்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைக்கு என்னைத் தடுக்க அவர் தலையை ஆட்டவில்லை, அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். பரீட்சை முடிந்தது, அப்புறம் உயர்தரம், அப்புறம் கொழும்பில் வேலை. அதற்குள் நீ அவரை "அவரு" என்று சொல்லப் பழகிவிட்டாய். உண்மையைச் சொல்வதென்றால், நீ எனக்காகக் கோபப்படுவது எனக்கு ஒரு வகையில் பிடித்தும் இருந்தது. என் முகத்துக்காக ஒருவன் சண்டை போடுகிறான் என்று. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் என் தப்புகளில் பெரியது இதுதான், இதை விட்டுவிட்டு மற்றதை எழுதி என்ன பயன்?

இப்போது நன்றியைச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் எனக்கு நிறைய இருக்கிறது. வேலை கிடைத்த முதல் வருடமே நீ லீவு போட்டுவிட்டு வந்து, "அம்மா, நாளைக்கி மூக்கு டொக்டர்கிட்ட போறோம்" என்றாய். "இந்த வயசுல எனக்கு என்னா அழகு" என்றேன். "அழகுக்கு இல்ல, நீங்க மூச்சு விடுறதுக்கு" என்றாய். மகனே, நானும் மூச்சுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு போனேன். உள்ளுக்குள் எனக்கு என் முகம் வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. நாற்பத்தாறு வயதில் அந்த ஆசையை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த டொக்டரம்மாவை உனக்கு நினைவிருக்கும். சிங்களவர், ஆனால் தமிழில் எல்லாம் விளங்கப்படுத்துவார். என் மூக்குக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க காதத் தொட்டுப் பாருங்க. மடிச்சா மடியுது, விட்டா திரும்ப நிக்குது தானே? அதுதான் குருத்தெலும்பு. மூக்குல மேல் பாதி எலும்பு, கீழ் பாதி இந்தச் சாமான். நடுவுல ஒரு சுவர் இருக்க வேணும், அதுவும் இதுதான். உங்களுக்கு அந்தச் சுவர் இல்ல. சுவர் இல்லாட்டி கூரை இறங்கும் தானே?" என்றார். கொஞ்சமாகக் குறை உள்ளவர்களுக்குக் காதிலிருந்து எடுத்து வைப்பார்களாம். காதுக்கு ஒன்றும் ஆகாதாம், வடு காதுக்குப் பின்னால் மறைந்துவிடுமாம். "உங்களுக்கு அது காணாது. விலாவுல நெஞ்செலும்புக்குக் கிட்ட இருக்கிற குருத்தெலும்புல ஒரு துண்டு எடுக்கணும்" என்றார். அப்போதுதான் கதவோரம் நின்ற உன் அப்பா முன்னால் வந்தார். "டொக்டர், என்னுதுல எடுங்க. எங்கிட்ட எத்தன வேணும்னாலும் எடுங்க. அவளுக்கு இன்னொரு வலி வேணாம்." டொக்டரம்மா சிரிக்கவில்லை. "ஐயா, உங்க மனசு நல்லது. ஆனா வேற ஆளுட துண்டு நாள் போகப் போகக் கரையலாம். அவங்கடதுதான் நல்லா நிக்கும்" என்றார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடுகிறார் என்று நீ நினைத்தது அப்படியே தெரிந்தது.

பிறகு டொக்டரம்மா உங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னாரே, ஏன் என்று நீ கேட்டதே இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். "யாரு அடிச்சது? பயப்பட வேணாம், என்கிட்ட சொல்லுங்க." இருபத்திரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. "ஒருத்தரும் அடிக்கல டொக்டர். எம் புள்ள தலை இடிச்சது. ஒன்றரை வயசுல" என்றேன். "வெளிய நிக்கிறாரே, அந்த மகனா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் அழுததைப் பார்த்து நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனையாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள் என்று கேட்டார். ஏழாம் நாள் என்றேன். அப்போது அவர் சொன்னதைக் கவனமாகப் படி: "இடியில உங்க மூக்கு போகல அம்மா. இடியில உள்ளுக்கு ரத்தம் கசிஞ்சு கட்டி நின்னிருக்கு. குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாய் இல்ல. ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற தோல்தான் அதுக்குச் சாப்பாடு குடுக்குது. நடுவுல ரத்தம் நின்னா சாப்பாடு இல்ல, சில நாள்லயே செத்துப் போகும். பிறகு கிருமி வந்து மிச்சத்தையும் தின்னிருக்கு. முதல் நாளே வந்து, சின்னதா கீறி அந்த ரத்தத்த எடுத்திருந்தா நீங்க இன்னைக்கு இங்க வரத் தேவையில்ல." ஆக, மகனே, என் மூக்கு விழுந்தது என் பிடிவாதத்தால். உன் தலைக்கு அதில் பங்கு மிகக் கொஞ்சம். "மகனுக்குச் சொல்லிருங்க, நல்லது" என்றார் டொக்டரம்மா. அன்று மாலை உன் அப்பாவிடம் சொன்னேன், இனி அவனிடம் சொல்லிவிடுவோம் என்று. அவர் யோசித்துவிட்டு, "இப்ப சொன்னா அவன் செய்யிறது பரிகாரம் மாதிரி ஆயிரும். அவனாப் பிரியப்பட்டுச் செய்யிறான். அது அப்படியே இருக்கட்டும்" என்றார். அந்தத் தடவையும் அவர் சொன்னதைக் கேட்டேன்.

ஒப்பரேஷனுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. வெளியே ஒரே வாங்கில் நீ ஒரு முனையிலும் அவர் மறு முனையிலும் உட்கார்ந்திருந்தீர்கள் என்று நர்ஸ் பிள்ளை பிறகு எனக்குச் சொன்னாள். ஆனாலும் கதவு திறக்கும் போதெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தீர்களாம். உள்ளே நடந்ததை டொக்டரம்மா அடுத்த நாள் விளக்கினார். மார்புக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி, விலாக் குருத்தெலும்பில் துண்டு எடுத்திருக்கிறார். என் வயதுக்கு அது கல்லாகியிருக்குமோ என்று பயந்தாராம், நல்ல வேளையாக நடுப்பாகம் மென்மையாகவே இருந்ததாம். செதுக்கியவுடன் வைத்துவிடக் கூடாதாம். விலாக் குருத்தெலும்பு செதுக்கியதும் ஒரு பக்கமாக வளையப் பார்க்குமாம். உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, எந்தப் பக்கம் வளைகிறது என்று காத்திருந்து பார்த்து, மறுபடி செதுக்கி, அப்புறம்தான் மூக்குக்குள் வைத்துத் தைத்தார்களாம். நடுச்சுவருக்கு ஒரு துண்டு, மேலே பாலத்துக்கு ஒரு துண்டு. உன்னை வளர்க்கும்போது எனக்கு அந்தப் பொறுமை இருந்திருந்தால், நீ எந்தப் பக்கம் வளைகிறாய் என்று பார்த்து நேரத்தோடு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். உன் பிள்ளையிடம் நீ அந்தப் பொறுமையோடு இரு. துள்ளுகிறவனை அடிக்குமுன் ஏன் துள்ளுகிறான் என்று ஒரு நிமிடம் பார்.

மூக்கைவிட விலாதான் வலித்தது. இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கவும் கூடாது. நீ கொழும்புக்கும் இங்கேயுமாக அலைந்தாய். நீ இல்லாத நாட்களில் உன் அப்பாதான் எனக்குத் தலை வாரிவிட்டார், கஞ்சி காய்ச்சினார். எட்டாம் நாள் மூக்கில் போட்டிருந்த கட்டையும் உள்ளே வைத்திருந்த பஞ்சையும் எடுத்தார்கள். "இப்ப மெதுவா மூக்கால இழுங்க" என்றார் டொக்டரம்மா. இழுத்தேன். குளிர்ந்த காற்று உள்ளே போனது, நெற்றி வரைக்கும் போனது. எனக்கு முதலில் வந்த மணம் என்ன தெரியுமா? உன் சட்டை தீய்ந்த மணம். இஸ்திரி போடத் தெரியாமல் கருக்கிவிட்டு, அதையே மாட்டிக்கொண்டு வந்திருந்தாய். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என்ன என்று கேட்டாய், நான் சொல்லவில்லை. அந்தக் கருகிய சட்டைக்காக இன்றைக்கு நன்றி சொல்கிறேன். கிளினிக் நாட்களில் விடிய முன்னமே போய் இலக்கம் எடுத்ததற்கும், அலுவலகத்தில் பேச்சு வாங்கிக்கொண்டு லீவு எடுத்ததற்கும், வீங்கிய முகத்தோடு பஸ்ஸில் நான் தலையைக் குனிந்தபோது, "நேரா பாருங்கம்மா" என்று சொன்னதற்கும் நன்றி. வீக்கம் முழுக்க வற்ற ஒரு வருடம் ஆனது. மூக்கு நுனி பல மாதம் மரத்தே கிடந்தது. ஒரு நாள் தைத்துக்கொண்டிருக்கும்போது, என் கண்ணாடி நாடா இல்லாமல் அதன் இடத்தில் உட்கார்ந்திருப்பதை அந்தப் பக்கத்து மெஷின் பெண்தான் முதலில் கண்டாள். உன் கல்யாணப் போட்டோவில் நான் நடுவில் நிற்கிறேன். பழைய முகம் திரும்பவில்லை, அது வராது என்று டொக்டரம்மாவும் முதலிலேயே சொன்னார். வந்தது எனக்குப் போதும். அந்தப் போட்டோவில் உன் அப்பா பின்வரிசையில், யாரோ மாதிரி நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உனக்கு முன்னால் இன்னொருவருக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்தது. முந்தாநாள் பஸ் ஏறி பிலிமத்தலாவைக்குப் போனேன். உன் மாமா கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். பின்னால் கூப்பிட்டு உட்கார வைத்து, இப்போது உனக்கு எழுதுவதையெல்லாம் அவரிடம் சொன்னேன். தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சாவியை எடுத்தார், கடையைப் பூட்டினார், உடுத்த சாரத்தோடேயே என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

உன் அப்பா முற்றத்தில் வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். மாமாவைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார். மாமா கிட்டப் போய் நின்றார். இரண்டு பேருக்கும் இப்போது முழுக்க நரை. "மச்சான்" என்றார் மாமா. அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டு முப்பது வருடம் இருக்கும். "அத்தன பேரு முன்னால அறைஞ்சேனே. அன்னைக்கி ஏன்யா என்னைய திருப்பி அடிக்கல?"

"அடிச்சிருந்தா, அடிக்கிற ஆளுதான்னு நெசமாவே ஆயிருக்குமே" என்றார் உன் அப்பா.

மாமா சிரிக்கத்தான் பார்த்தார். வாய் கோணி, அழுகையாக வந்துவிட்டது. உன் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "அய்யய்ய, என்னா மச்சான் இது, ஆளுங்க பாக்குறாங்க" என்று உன் அப்பா தவித்தார். பிறகு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து தேயிலை விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். மாமா கடைசி பஸ்ஸில் போனார். போகும்போது, "புள்ளைக்கும் சொல்லிரு தங்கச்சி, நாளக் கடத்தாத" என்றார்.

உனக்கு எழுதப் போகிறேன் என்று நேற்று உன் அப்பாவிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் தடுக்கவில்லை. "எழுதுறதுன்னா பூராவும் எழுது. டிஸ்பென்சரிக்கு வர மாட்டேன்னு அடம்புடிச்சது யாருன்னும் எழுது. புள்ள தலையில மட்டும் போட்டுறாத" என்றார். போட்டுவிடவில்லை என்று நினைக்கிறேன்.

மகனே, என் நெஞ்சிலிருந்து எடுத்து வைத்த துண்டினால் இன்றைக்கு நன்றாக மூச்சு விடுகிறேன். எனக்கு அதைத் தேடித் தந்தவன் நீ. உன்னை ஒரு சொல்லும் தொடாமல் வளர விட்டவர் உன் அப்பா. உங்கள் இருவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியவள், இருவருக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு நின்றவளும் நான்தான். நீ வந்து காலில் விழுவதெல்லாம் வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும். வந்து பக்கத்தில் உட்கார். பிள்ளையை அவர் கையில் கொடு. ஏதாவது பேசு, கனடாவில் குளிர் எப்படி என்று பேசு, போதும். மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் முதலில் சின்னவனிடம் கேள். அவனுக்கு விளங்காது, ஆனாலும் கேள்.

ரம்யாவின் உதடு ஆறியிருக்கும். ஒரு சின்னத் தழும்பு நிற்கலாம். அவன் பெரியவனாகி, "அம்மா, இது எப்படி வந்தது?" என்று ஒரு நாள் கேட்பான். பொய் சொல்லாதீர்கள், எவ்வளவு நல்ல மனதோடும் சொல்லாதீர்கள். "நீதான்டா, சந்தோஷத்துல துள்ளி இடிச்சிட்டே" என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அவனும் சிரித்துவிட்டு விளையாடப் போய்விடுவான்.

உன் அம்மா